அமராவதி சுட்ட ஆப்பம்

மலேசியாவில் கோல சிலாங்கூரை ஒட்டிய அந்தச் சின்னப் பட்டணத்தில் சாயங்காலமானால் தென்னந்தோப்புப் பக்கமிருந்து கள்ளு வாசம்தான் முதலில் வரும். ஆட்கள் பின்னால் வருவார்கள். கள்ளை இறக்குகிறவர் அழகேசன். அவர் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்ததில்லை. ஆனால் வாசம் சட்டையை விடுமா? பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதில் அவரைவிட அவர் மனைவி அமராவதிக்குத்தான் வேதனை அதிகம்.

மகள் கங்காவைப் பெண் பார்க்கச் சுங்கை சோவிலிருந்து பையனின் அம்மா நவமணி வருகிறாள் என்றதும் அமராவதிக்குத் தூக்கம் போயிற்று. நவமணியின் புருஷன் கள்ளுக்கடையே கதியென்று கிடந்து செத்தவர். "கள்ளு வாசம் அடிக்கிற வீட்டுல காலெடுத்து வைக்கமாட்டேன்" என்று அவள் சொன்னது தெரிந்தே, தரகர் அழகேசனுக்குத் 'தோட்ட வேலை' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். கங்காவுக்கோ ராவாங் தொழிற்சாலையில் கூட வேலை பார்க்கும் நவமணியின் மகனைத் தவிர வேறு எவனும் வேண்டாம்.

அமராவதி புருஷனுக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் தோல் உரியாததுதான் பாக்கி. அவருடைய வேலைச் சட்டைகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. அப்புறம், முந்தின நாள் ஆட்டி வைத்த மாவில் ஆப்பம் சுட உட்கார்ந்தாள்.

நவமணிக்கு ஆப்பம் மிகவும் பிடித்துவிட்டது. மூன்றாவதைப் பிய்த்தபடி கேட்டாள்.

"எனக்கு இப்படிப் பொங்கவே மாட்டேங்குது லா. மாவுல என்னதான் போடுறீங்க?"

அமராவதியின் கை கரண்டியோடு நின்றது. கல்யாணமான நாள் முதல் ஊற்றுவதைத்தான் நேற்றும் யோசிக்காமல் மாவில் ஊற்றியிருந்தாள். பாழாய்ப்போன கை! ஈஸ்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கங்கா கதவோரம் நின்று கண்ணால் கெஞ்சினாள். ஆனால் இன்றைக்கு மறைத்தால் நாளைக்கு ஏச்சு வாங்கப் போவது அந்தப் பெண்தானே?

"கள்ளுதாங்க்கா. எங்க வீட்டுக்காரரு மரமேறி எறக்குறது. ஆனா அவரு குடிக்கமாட்டாரு."

நவமணி தட்டைக் கீழே வைத்தாள். அழகேசனை ஏறிட்டுப் பார்த்தாள். "ஒரு நாள்கூடவா?"

"குடிச்சிட்டு மரம் ஏறுனா, எறங்குறது நம்ம கையில இல்லைங்க."

நவமணி கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கங்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. அங்க வந்து இந்த ஆப்பம் மட்டும் சுடாத, தாயி."

"நல்லா இல்லீங்களா அத்தை?"

நவமணியின் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு. எம்மவனுக்கு அவங்கப்பன் நாக்கு."