சந்தில் உடைந்த மூடி

தாராவியில் ஓர் ஒடுக்கமான சந்து. காலை ஆறரைக்கு இட்லிக்காரர் செல்லத்துரை சைக்கிளின் பின்னால் ஆவி பறக்கும் அலுமினியப் பாத்திரத்தை வைத்துக் கட்டுகிறார். அவர் வீட்டு வாசலில் நின்றபடியே நான் இட்லி தின்கிறேன்.

சந்தில் புதுத் தளம் போட்டிருக்கிறார்கள். சுவரில் ஒரு பளிங்குக் கல், அதில் ஒரு தலைவரின் பெயர்.

"எங்க தலைவரு போட்டது அண்ணாச்சி. முன்னால முட்டளவு சேத்துல சைக்கிள உருட்டிக்கிட்டுப் போவேன்," என்கிறார்.

பத்தடி தள்ளி அதே தளத்தில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. குழி தெரியவேண்டும் என்று யாரோ அதில் ஒரு பழைய துடைப்பத்தை நட்டிருக்கிறார்கள்.

"அப்ப இது யாரு போட்டது?"

"அது கான்டிராக்டர் வேலை. அவன் எதிர்க்கட்சி ஆளு."

"அந்தக் கான்டிராக்டருக்கு வேலையக் குடுத்தது யாரு?"

செல்லத்துரை கயிற்றை இறுக்கி முடிச்சுப் போடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரே சிமெண்ட், ஒரே ஆள் போட்டது. உடையாமல் இருக்கும் பகுதி மட்டும் தலைவருடையதா?

உள்ளே அவர் மனைவி மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். போன வாரம் அந்தக் குழியில்தான் விழுந்தாராம்.

"இவங்க விழுந்ததுக்கு யாரு காரணம்?" என்று கேட்கிறேன்.

"அவ கீழ பாத்து நடக்கணும்லா," என்கிறார் செல்லத்துரை.

துருவும் சத்தம் நிற்கிறது.

"ஆமா அண்ணாச்சி, என் தப்புதான்," என்கிறார் அந்த அம்மாள். "கல்லுல இருக்க பேர வாசிச்சிக்கிட்டே வந்துட்டேன்."