பாதிக் கோவில் பதில் சொன்ன மன்றாட்டு

எங்கள் கோவிலில் ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் யாராவது ஒருவர் முன்னால் போய் மன்றாட்டுகள் வாசிக்க வேண்டும். நோயாளிகளுக்காக, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக என்று வாசிக்க வாசிக்க, சபை "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். என்ன வாசித்தோம் என்று யாரும் கவனிப்பதில்லை, வாய் தானாகச் சொல்லிவிடும். வருஷக்கணக்காக இவற்றை எழுதுகிறவள் நான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஒரு மன்றாட்டுக்கு முதன்முறையாகப் பாதிக் கோவில்தான் பதில் சொன்னது. அதுவும் என் கைவரிசைதான்.

போன மழைக்காலத்தில், ரெட்டியார்பாளையத்தில் என் அக்கா இருக்கும் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. முன்பெல்லாம் வாசலோடு நின்றுவிடும். அந்த முறை கூடத்துக்குள் ஏறிவிட்டது. நானும் அன்று அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அக்காவின் கணவர், எனக்கு மாமா, பக்கவாதம் வந்து படுக்கையில் கிடப்பவர். நல்ல கனத்த உடம்பு. எதிர்வீட்டு முசே தலைமாட்டைப் பிடிக்க, பக்கத்து வீட்டுக் கோழிக்கடைக்காரர் கால்மாட்டைப் பிடிக்க, கட்டிலோடு அவரைத் தூக்கித் தொடையளவுத் தண்ணீரில் தெருவைக் கடந்து முசே வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார்கள். முசே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர், அதனால் தெருவே அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசே என்றுதான் கூப்பிடும். தண்ணீர் வடியும்வரை எல்லோரும் அந்த மாடியில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம்.

"உப்புமாவுக்கு முள்கரண்டி தேடறாரு பாருங்க நம்ப முசே" என்று கோழிக்கடைக்காரர் சீண்டிக்கொண்டே இருப்பார். மாமா வாய் கோணச் சிரிப்பார். படுத்த பிறகு அவர் சிரித்துப் பார்த்ததில்லை என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்தது, சண்டை ஏறியது. டிவியில் ஒரு கட்சிக்காரர்கள் "இது காலநிலை மாற்றம், உலகம் பூராவும் இப்படித்தான்" என்று கையை விரித்தார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள் "அதெல்லாம் சாக்கு, வாய்க்காலை அடைத்தது யார்" என்று கேட்டார்கள். அதிலிருந்து எங்கள் பக்கத்தில் காலநிலை என்று வாயைத் திறந்தால் நீங்கள் இந்தக் கட்சி, வாய்க்கால் என்றால் அந்தக் கட்சி. நடுவில் நிற்பவனுக்கு டீக்கடையில் இடம் கிடையாது.

முசேவுக்கு எந்தக் கட்சியும் இல்லை. பிரான்சில் ஒரு கோடையில், தனக்குத் தெரிந்த வயதானவர்கள் வெயில் தாங்காமல் செத்துப்போனதைப் பார்த்தவர். "வாய்க்கா மட்டும்தான் காரணமா? ஒரே ராத்திரியில இம்மாம் மழ என்னிக்குப் பேஞ்சிருக்கு? கடலே சூடாயிடுச்சுப்பா" என்றார். நம்பித்தான் சொன்னார்.

கோழிக்கடைக்காரரின் கோழிகள் அத்தனையும் கூண்டோடு வெள்ளத்தில் செத்திருந்தன. "வாய்க்கா மேல கட்டடம் கட்டனது கடலா? தப்பு பண்ணவனுக்கு நல்லா சாக்கு எடுத்துக் குடுக்கறீங்க."

இரண்டும் உண்மைதானே என்றேன். இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அதுதான். மறுவாரமே முசே, கோழிக்கடைக்காரர் வாயில் "அந்தாளு" ஆகிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தால் பேனாவை எடுத்துவிடுவேன். அக்கா தெருக்காரர்களும் எங்கள் கோவிலுக்குத்தான் வருவார்கள். அந்த ஞாயிறு, "சூடேறிவரும் இந்தப் பூமிக்காகவும், எங்கள் பேராசையை நாங்கள் உணரவும்" என்று எழுதி வாசித்தேன். ஒரு பக்கத்திலிருந்து பதில் வந்தது. கோழிக்கடைக்காரரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு வாசிக்கும் முறை அவர் மனைவிக்கு. "அடைபட்ட வாய்க்கால்கள் திறக்கப்படவும், அடைத்தவர்கள் மனந்திரும்பவும்" என்று அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். இப்போது முசேயும் அவர் பக்கத்து வரிசைகளும் வாயைத் திறக்கவில்லை. ஜெபத்தில்கூட ஆள் பார்த்துத்தான் ஆமென் சொல்வோமா என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். "எல்லாரும் பதில் சொல்ற மாதிரி எழுதிக் குடுங்கம்மா" என்றார். எழுதினேன். "நல்ல மழையைத் தந்து எங்களைக் காத்தருள." இரு பக்கமும் ஓங்கிப் பதில் சொன்னது. சாமியார் முகத்தில் நிம்மதி. எனக்கு மனசு விட்டுப்போனது. பூமியும் இல்லை, வாய்க்காலும் இல்லை, யாருக்கும் ஒரு வேலையும் வைக்காத வேண்டுதல் அது.

இந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாவின் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்த, ஆள் துணை இல்லாமல் திணறிக்கொண்டிருந்தாள். மாமா கண்ணை மூடிக் கிடந்தார்.

"எதுக்குக்கா இது? மழ வலுத்தா தூக்கிட்டுப் போயிட மாட்டாங்களா?"

"முசேகிட்ட கேட்டேன், வரேன்னாரு. ஆனா கோழிக்கடக்காரரு வந்தா வரமாட்டாராம். கோழிக்கடக்காரருகிட்டப் போனேன். அவரும் அதையேதான் சொல்றாரு."

"வேற யாரயாவது பாப்போம்."

"தெருவுல யாரு பாக்கி? எல்லாரும் ஏதோ ஒரு பக்கம். ஒரு பக்கத்த மட்டும் கூப்பிட்டா, நாளைக்கு மறுபக்கம் நம்ம வாசல மிதிக்காது."

நான் கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினேன். விரலளவுதான் எழும்பியது. அந்த இடைவெளியில் அக்கா செங்கல்லைத் தள்ளினாள். அடுத்த மூலைக்குப் போனோம். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது.

கட்டில் ஆடியதில் மாமா விழித்துக்கொண்டார். அவர் பேச்சு குழறும், எங்களுக்கு மட்டும் புரியும்.

"ரெண்டு பேரும் வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "வருவாங்க, நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த செங்கல்லுக்குக் கையை நீட்டினாள்.