டிராயரில் கிடந்த தீர்மானம்

எங்கள் காக்ஸ் டவுன் பள்ளியில் மாணவர் சட்டசபை உண்டு. முதலமைச்சர், அமைச்சர்கள் எல்லோரையும் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கவர்னரை மட்டும் தலைமை ஆசிரியை நியமிப்பார். போன வருடம் சமூக அறிவியல் எடுக்கும் என்னை நியமித்தார். சொன்ன பேச்சைத் தட்டமாட்டேன் என்று நினைத்துவிட்டார், பாவம்.

முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் வந்தது: பாட நேரத்தில் பெண்கள் கழிவறையைப் பூட்டக் கூடாது. லாரித் தண்ணீர் வீணாகிறது என்று இடைவேளை தவிர மற்ற நேரமெல்லாம் பூட்டுதான். அதற்குப் பயந்து பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. பத்தாம் வகுப்பில் ஒருத்தி சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரம் படுத்துவிட்டாள். அவள்தான் முதலமைச்சர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறி என் கையெழுத்துக்கு வந்தது.

"கையெழுத்துப் போடாதீங்க மிஸ். முடியாதுன்னும் சொல்லாதீங்க. சும்னே டிராயர்ல வச்சிருங்க, பசங்க மறந்துடுவாங்க," என்றார் தலைமை ஆசிரியை, கன்னடம் கலந்த தமிழில்.

வைத்தேன். மூன்று வாரம் வைத்தேன். என்னுடையது ஒப்பந்த வேலை. வருடா வருடம் அவர்தான் நீட்டிக்க வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் பத்தாம் வகுப்பில் ஆளுநர் பாடம் வந்தது. மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பலாம், ஆனால் சபை அதை மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும் என்று விளக்கினேன். அந்த முதலமைச்சர்ப் பெண் எழுந்தாள்.

"மிஸ், ஒண்ணுமே பண்ணாம வச்சுக்கிட்டே இருந்தா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் அவள்மேல் இல்லை, என்மேல்தான்.

அன்றே தீர்மானத்தை, 'தண்ணீர் வீணாகும்' என்ற குறிப்போடு சபைக்குத் திருப்பினேன். மதியத்துக்குள் குழாய்களை ஆள் மாற்றி ஆள் கவனிக்க முறை வைத்து, மறுபடி நிறைவேற்றிக் கொண்டுவந்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். "உங்கள நியமிச்சது யாரு மிஸ்?"

"நீங்கதான் மேடம். தீர்மானம் போட்டது அவங்க."

"அடுத்த வருஷம் வேற கவர்னர் பாத்துக்கறேன்."

"பாத்துக்குங்க மேடம். இன்னைக்கு நான்தான்."

நேராகக் கழிவறைக்குப் போனேன். இடைவேளைக்காகத் திறந்து தாழ்ப்பாளில் தொங்கவிட்டிருந்த பூட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இந்த வருடம் கவர்னர் வேறொருவர். என் ஒப்பந்தமும் ஆறு மாதத்துக்குத்தான் நீண்டிருக்கிறது. பூட்டு இன்னும் என் பையில்தான் கிடக்கிறது. மேடத்துக்கு வேண்டுமென்றால் சபையில் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்கட்டும், அன்றே கொடுத்துவிடுகிறேன்.