சூப்பர்வைசர் முத்தமிட்ட பலகை

1. கீபோர்டின் மேல் ஒரு காகிதம்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அருள் அண்ணன் கம்பெனி யூனிஃபார்மோடு நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டருக்குள் வந்து, நாலாக மடித்த காகிதம் ஒன்றை என் கீபோர்டின் மேல் வைத்தார். பிரித்தேன். நான் எடுத்த போட்டோ, நான் எழுதிய கேப்ஷன். யாரோ கலர் பிரின்ட் எடுத்திருந்தார்கள். நாலு மூலையிலும் செல்லோ டேப்.

"எங்க இருந்திச்சி தெரியுமா? எங்க டைம் ஆபீஸ் போர்டுல. ஷிப்ட் லிஸ்ட்டுக்குப் பக்கத்துல."

கிளப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். அப்போது எனக்கு வாரநாளில் பிரவுசிங் சென்டர், ஞாயிற்றுக்கிழமை பெத்தாங்க் கிளப்பில் ஸ்கோர் எழுதும் வேலை. சின்ன மரக்குண்டுக்கு மிக அருகில் இரும்புக் குண்டை வீசி நிறுத்த வேண்டும், பதின்மூன்று பாயின்ட் எடுத்தால் வெற்றி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம். ஒரு தண்டனையையும் விட்டுப்போனார்கள். ஒரு பாயின்ட்கூட எடுக்காமல் தோற்றால், ஷெட்டில் துண்டு போர்த்தி வைத்திருக்கும் பலகை வெளியே வரும். அதில் வரைந்திருக்கும் ஃபானி என்ற பெண் திரும்பி நின்று பாவாடையைத் தூக்கிக்கொண்டிருப்பாள். தோற்றவர் மண்டி போட்டு அவள் பின்பக்கத்தில் முத்தம் கொடுக்க வேண்டும். எங்கள் தலைவரே இரண்டு முறை கொடுத்திருக்கிறார். சிரித்து முடித்ததும் துண்டைப் போர்த்தி உள்ளே வைத்துவிடுவோம்.

அந்த வாரம் மாட்டியவர் அருள் அண்ணன். தட்டாஞ்சாவடி ஃபேக்டரி ஒன்றில் ஃபிட்டராக இருந்து, ஒரு மாதம் முன்புதான் சூப்பர்வைசர் ஆகியிருந்தார். நான் போட்டோ எடுத்த பத்தாவது நிமிடம் இணையத்தில் எங்கள் கிளப் கம்யூனிட்டியில் ஏற்றினேன். 'தட்டாஞ்சாவடி சூப்பர்வைசருக்கு இன்று கிடைத்த பிரமோஷன்' என்று கேப்ஷன் வேறு. அவ்வளவு வேகமாக ஏற்றியதில் எனக்கு ஒரே பெருமை.

"இன்னும் ரெண்டு மாசம் ட்ரையல்ல இருக்கேம்மா," என்றார் அண்ணன். "இன்னிக்கி இன்னா வேலைன்னு ஜாப் கார்டு குடுக்கப் போனா, லேத்துல நிக்கிறவன் உம்மான்னு சத்தம் குடுக்குறான். மேனேஜர் கூப்ட்டு, பசங்க உன் பேச்சக் கேக்குறானுங்களா அருளுன்னு கேக்குறாரு. நான் இன்னா சொல்றது?"

"இப்பவே அழிச்சிடுறேண்ணே."

"நீ அழிப்ப. இந்தக் காயிதத்த எவன் அழிப்பான்?"

"நான் வந்து மேனேஜர்கிட்ட சொல்லட்டுமா? பிரான்ஸ்லயும் இதே வழக்கம்தான்னு..."

"எம்மா, ஏற்கனவே ஒரு பொம்பள படம் அங்க. நீயும் வந்து பக்கத்துல நின்னா முடிஞ்சிது."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, யோசனையும் வந்தது.

"இத ஒட்டினது யாருண்ணே?"

"செந்திலு. அந்த லேத்துக்காரன்தான், வேற எவன்."

"ஞாயித்துக்கெழம அவர ஆட்டத்துக்குக் கூப்புடுங்க. உங்க ஷிப்டு மொத்தத்தையும்."

"வராம போனா?"

"நம்மளக் கிண்டல் பண்ண இதவிட நல்ல சான்ஸ் கெடைக்குமா அவருக்கு? வருவாரு."

முதலில் அந்தப் படத்தை அழித்தேன். பிறகு கிளப் பெயரில் ஒரு அழைப்பு டைப் அடித்துக் கொடுத்தேன். அண்ணன் அதை அதே போர்டில் ஒட்டினார்.

2. பதின்மூன்றுக்குப் பூஜ்யம்

ஆறு பைக்கில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். செந்தில் இரும்புக் குண்டைக் கையில் எடை பார்த்தார்.

"இன்னா சூப்பர்வைசரு, இந்த வயசுல கோலி ஆட்டமா?"

"பேசாம போடுறா, பாப்பம்."

ஆட்டம் அண்ணனுக்கும் செந்திலுக்கும். நான் ஸ்கோர் சிலேட்டோடு நின்றேன். அண்ணன் தோற்றால் மறுநாள் அவர் ஃபேக்டரிக்குள் எப்படி நுழைவார் என்ற பயம் எனக்கு. செந்தில் வீசிய முதல் குண்டு வேலியைத் தாண்டியதும் பயம் கொஞ்சம் குறைந்தது. ஒன்பதுக்குப் பூஜ்யம் ஆனபோது அவர் தரையில் குப்புறப் படுத்து டேப் பிடித்து அளந்தார்.

"அக்கா, நல்லாப் பாரு, எங்க குண்டுதான் கிட்ட."

"ரெண்டு விரல் தூரம் போயிடுச்சுங்க."

"யார் விரலு?"

பதின்மூன்றுக்குப் பூஜ்யத்தில் முடிந்தது. ஷெட்டிலிருந்து பலகை வந்தது. துண்டை எடுத்ததும் செந்தில் முகம் மாறியது.

"இது அந்தப் படத்துல இருக்கிறதாச்சே."

"அதேதான்," என்றார் அண்ணன். "மண்டி போடு."

லேத் பசங்கள் பத்து பேரும் சேர்ந்து உம்மா சத்தம் கொடுக்க, செந்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்தார். எழுந்து சட்டையைத் தட்டியவர் என் கையில் இருந்த கேமராவைப் பார்த்தார்.

"அக்கா, எடுத்துட்டியா? எங்கியும் போட்றாத. எம் மச்சான் தெனம் நெட்டுல உக்காந்திருக்கான். வூட்ல என்னை வாழவே விட மாட்டானுங்க."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் 'போடு' என்று சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் புத்தி.

"கேமராவ அவன்கிட்டயே குடும்மா," என்றார். "அவனே அழிக்கட்டும்."

செந்தில் அதை அழித்தார். அது மட்டுமா, தான் இருந்த எல்லாப் படத்தையும் அழித்தார். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணனிடம் போய் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் சத்தமில்லாமல் ஜாப் கார்டை வாங்கிக்கொண்டார் என்று அண்ணன் போன் பண்ணினார். இரண்டு மாதம் கழித்து வேலை உறுதியானதற்கு லட்டு வந்தது.

3. அதிலிருந்து

மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன் கேமரா, படத்தில் இருக்கும் ஒவ்வொருவர் கைக்கும் போகும். பிடிக்காததை அவரவரே அழிக்கலாம், காரணம் கேட்க மாட்டோம். தோற்ற டீமுக்கு முதலில் கொடுப்போம். கேப்ஷனில் யார் எங்கே வேலை செய்கிறார் என்று எழுத மாட்டோம். உள்ளே எல்லோரும் சேர்ந்து சிரித்த ஒன்று, வெளியே ஒரே ஆள் தலையில் விழும் என்பதை ஒரு செல்லோ டேப் காகிதம்தான் எனக்குக் காட்டியது.

அன்று மிஞ்சிய பதினாறு படங்களைச் சாயங்காலம் ஏற்றினேன். முதல் கமென்ட் செந்திலுடையது: "எல்லாரும் கீறானுங்க, நான் மட்டும் எங்க?"