கொம்புக்குப் பின்னால் ஒரு சஹன்

அந்த வைஃபை பெட்டியின் இரண்டு கொம்புகளையும் முறித்து அடுப்பில் போட்டால் என்ன என்று சம்சாத் பேகத்துக்குத் தோன்றாத நாளே கிடையாது.

புதுப்பட்டினத்தில் மெத்தைக் கடை நூர்முகமதுவின் பெண்சாதி என்றால்தான் அவளைத் தெரியும். மலேசியாவில் அப்படியில்லை. அங்கே ஒரு கூட்டம் பிள்ளைகளுக்கு அவள் ஆலிமா. தினமும் சாயங்காலம் அஸர் தொழுததும் கடைசி அறையில் போனை நிறுத்திவைத்து அவர்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பாள். அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான்.

பெட்டி இருந்தது ஹாலில். நடுவில் சமையலறை, இரண்டு பழைய தடித்த சுவர்கள். ஹாலிலேயே உட்கார்ந்து ஓதிக்கொடுக்கலாம்தான். ஆனால் எந்நேரமும் நூர்முகமதுவைத் தேடி வியாபாரிகள் வந்துகொண்டிருப்பார்கள். ஆம்பளைகள் புழங்கும் இடத்தில் உனக்கென்ன வேலை என்று, கல்யாணமாகி வந்த நாளிலேயே அவளுக்குக் கடைசி அறையைக் காட்டியாகிவிட்டது. சரி, வயராவது இழுக்கலாமென்றால் போன வருஷம் அடித்த பெயிண்ட் கெட்டுவிடுமாம். மனுஷன் சுவரில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார்.

பாடம் நடக்கும்போது குரல் விட்டுவிட்டு வரும். கணக்குப் பாடமென்றால் ஊகித்துக்கொள்ளலாம். இதில் தொண்டையின் அடியிலிருந்து வரும் எழுத்து வேறு, நடுவிலிருந்து வருவது வேறு. மாறினால் அர்த்தமே போயிற்று. ஜைத் என்ற பிள்ளை சரியாகத்தான் ஓதினானா என்று தெரியாமல் திரும்பத் திரும்ப ஓதச் சொல்லி, அவன் ஒருநாள் அழுதேவிட்டான். அவன் அம்மா மலீஹா போன் செய்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆலிமா. புதன்கிழமை நாங்க அம்மாமாரெல்லாம் கூட ஒக்காந்து கேக்குறோம். அன்னிக்கும் இப்படியே இருந்தா எல்லாருமே வேற இடம் பாத்துக்கிறோம்."

கற்றுக்கொடுப்பதில் குறை என்றால் திருத்திக்கொள்ளலாம். ஒரு பிளாஸ்டிக் கொம்புக்காக ஆலிமா பட்டம் போவதா? சம்சாத் கொம்பை நிமிர்த்தினாள், சாய்த்தாள், பெட்டியை பீரோ மேல் ஏற்றினாள், நீளக் கொம்பு வாங்கி மாட்டினாள். ரேஞ்சைக் கூட்டுமென்று முன்பே வாங்கிய இன்னொரு பெட்டி உப்புக்காற்றில் துருப்பிடித்து மழைக்காலம் முடிவதற்குள் செத்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்த பிறகு நெட்காரர் செங்கல்வராயன் வந்து பார்த்தார்.

"கொம்பு நாலா பக்கமும் வுடுதும்மா. பாதி ரோட்டுக்குப் போயிக்கினு கீது. பின்னாடி அகலமா ஒரு தகரத்த நிறுத்துங்க, உள்பக்கமா திரும்பும்."

தகரத்துக்கு எங்கே போவது? பரணிலிருந்த சஹனை இறக்கினாள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடும் பெரிய எவர்சில்வர் தட்டு, அவளுக்குச் சீராக வந்தது. கொம்புக்குப் பின்னால் அதை நிறுத்தியதும் கடைசி அறையில் போன் உயிர் பெற்றது. அன்றைக்கு ஜைத் பக்கத்தில் உட்கார்ந்து ஓதுவதுபோலக் கேட்டது. சம்சாத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை. அம்மாமார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜைத் இரண்டு வரி ஓதியிருப்பான், படம் அப்படியே நின்றுவிட்டது.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். கொம்புக்குப் பின்னால் வெறும் சுவர். தரையில் சஹன், அதில் பார்சல் பிரியாணி, சுற்றிலும் நூர்முகமதுவும் பெங்களூரிலிருந்து வந்த பஞ்சு வியாபாரிகளும்.

கதவோரம் நின்றபடியே கேட்டாள். "ஏங்க, வூட்டுல வேற தட்டே இல்லியா?"

"இன்னா சம்சாத், வந்தவங்களுக்குத் தனித்தனித் தட்டு வெச்சா மரியாதையா கீதா? ஒரு அர மணி நேரம் பொறுத்துக்க."

பொறுத்துக்க. இந்த வீட்டில் அவள் எதைத்தான் பொறுக்கவில்லை? பதில் சொல்ல வாயெடுத்தபோது கையிலிருந்த போன் பேசியது.

"ஆலிமா, இப்ப தெளிவா கேக்குது. எங்க இருக்கீங்க?"

சம்சாத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஹாலுக்குள் வந்தாள்.

"ஸலாம் அண்ணே. உள் ரூமுல போய்ச் சாப்புடுங்க, அங்க ஃபேன் நல்லா சுத்தும். எனக்கு இங்க கிளாஸ் கீது."

வியாபாரிகள் நூர்முகமதுவைப் பார்த்தார்கள். அவர் கையில் எடுத்த சோற்றைச் சஹனிலேயே வைத்தார். பிறகு அவர்களே எழுந்து, ஆளுக்கொரு பக்கம் சஹனைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சமையலறை வழியாக நடந்தார்கள். வேறு வழியில்லாமல் அவரும் பின்னாலேயே போனார்.

சம்சாத் சோபாவின் நடுவில், கொம்புக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். ஜைத் ஓதினான். ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்திலிருந்து வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி அறையிலிருந்து நூர்முகமதுவின் குரல் வந்தது.

"சம்சாத், மெத்த டிசைன காட்டலான்னு பாத்தா இங்க நெட்டே எடுக்கலியே."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு அர மணி நேரம் பொறுத்துக்கங்க."