கிரீட்டுக்குப் போகாத சிவகௌரி

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்துக்கு வந்த சிவகௌரியை முதன்முதலில் வீட்டுக்குள் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவள் கீழ்மாடியில் இருந்த எலேனி. கிரேக்கத்தின் கிரீட் தீவில் ஒரு மலைக் கிராமத்துக்காரி. பதினெட்டு வருடமாக இங்கே உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை. சிவகௌரியும் பருத்தித்துறையில் தையல் வகுப்பு நடத்தியவள்தான். தம்பியைத் தேடி இராணுவம் இரண்டாம் முறை வீட்டுக்குள் புகுந்த பிறகு, தாய் அழுதழுது அவளை அனுப்பி வைத்தாள். 1985இல் கிழக்குப் பேர்லின் வழியாக வந்து அகதியாகப் பதிந்தாள்.

இருவருக்கும் ஜேர்மன் அரைகுறை. அதுவே வசதியாகவும் இருந்தது. ஒருத்தியின் பிழை மற்றவளுக்குத் தெரியாது.

மறுவருடம் எலேனியின் மகளுக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாயிற்று. எலேனி மூச்சுவாங்க மேலே ஏறி வந்தாள்.

"ஓகஸ்டில் கல்யாணம். நீயும் வருகிறாய். காரில் இடம் இருக்கிறது."

சிவகௌரி சந்தோஷத்தில் தலையாட்டினாள்.

"இப்படி ஆட்டாதே. ஓம் என்கிறாயா, இல்லை என்கிறாயா, எங்கள் ஆட்களுக்கு விளங்காது" என்று சிரித்தாள் எலேனி.

அன்றிலிருந்து பாடம் தொடங்கியது. வாசலில் தேன்பாகில் ஊறிய பழமும் தண்ணீரும் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சாராயத்தைக் குடிக்காவிட்டாலும் உதட்டில் வைத்து எடுக்கவேண்டும். ஐந்து விரலையும் விரித்து ஒருவர் முகத்துக்கு நேரே காட்டினால் அது பெரிய அவமானம். பிள்ளையை அழகு என்று சொன்னால் உடனே மூன்று முறை துப்புவதுபோல் செய்யவேண்டும், கண்ணூறு படாமல் இருக்க. அதைக் கேட்டுச் சிவகௌரி வாய்விட்டுச் சிரித்தாள். ஜேர்மனிக்கு வந்து அவள் அப்படிச் சிரித்தது அதுவே முதல் தடவை. பச்சைப் பட்டுச்சேலை ஒன்றை எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்தாள்.

பயண அனுமதி கேட்க, ஜேர்மன் நன்றாகப் பேசும் தமிழ்ப் பெடியன் பாஸ்கரனைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"அக்கா, பக்கத்து ஊர் எஸ்சனுக்குப் போறதெண்டாலே அன்ட்ராக் எண்டு ஒரு விண்ணப்பம் போட்டுக் கேக்கவேணுமாம். நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர ஏலாதாம்."

"கல்யாண வீடெண்டு சொன்னனீங்களோ?"

"சொன்னனான். பொம்பிளை மாப்பிளைக்கு வாழ்த்துச் சொல்லட்டாம்."

எலேனி நம்பவில்லை. "பதினெட்டு வருடமாக நான் போய் வருகிறேன். யார் என்னைத் தடுத்தது? எங்கள் மலைவீடு உனக்குப் போதாதா?"

சிவகௌரிக்குத் தெரிந்த ஜேர்மனில் 'கூடாது' என்பதற்கு மேல் சொல் இல்லை. அதையே மூன்று நான்கு முறை சொன்னாள். சொல்லச் சொல்ல அது பொய் போலக் கேட்டது.

கார் போயிற்று. ஊரெல்லாம் சொல்லிவைத்து, விருந்தாளிக்கென்று கட்டிலும் போட்டிருந்தார்களாம். திரும்பி வந்த எலேனியின் கணவன் படியில் வைத்து அதைச் சொன்னான். எலேனி மேலே வருவதை நிறுத்திவிட்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் பாஸ்கரன் வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"இருங்கோ அக்கா. கொழும்பிலயிருந்து போன் வந்தது. அம்மா..."

"எப்ப?"

"முந்தநாள். எல்லாம் எடுத்துச் செய்து முடிச்சிட்டினமாம்."

அவள் குழறிய சத்தம் கீழ்மாடிக்குக் கேட்டிருக்கவேண்டும். எலேனி ஓடிவந்தாள். என்னவென்று அறிந்ததும் நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, தன் தொடையில் அடித்தடித்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அலுமாரியைத் திறந்தாள்.

"விமானம் எப்போது? நீ அழு. பெட்டியை நான் அடுக்குகிறேன்."

"ஏலாது" என்றாள் சிவகௌரி, தமிழிலேயே.

எலேனி பாஸ்கரனைப் பார்த்தாள். அவன் விளக்கினான். போனால் திரும்ப முடியாது, அங்கே இறங்கினால் இராணுவம் பிடிக்கவும் கூடும்.

"பெற்ற தாய்க்கும்கூடவா?"

"தாய்க்கும்தான்."

எலேனி வெறும் பெட்டியை மடியில் வைத்தபடி கட்டிலில் இருந்துவிட்டாள். "கல்யாணத்துக்கு நீ சொன்னதும் இதைத்தானா?" என்று கேட்டாள்.

சாவீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது இரண்டு ஊருக்கும் பொது. பின்னேரம் எலேனி தன் ஊர் வழக்கப்படி மீன் சூப் கொண்டுவந்தாள். கரண்டியைக் கையில் எடுத்த சிவகௌரியால் அதற்கு மேல் முடியவில்லை.

"மீன்... முப்பத்தொரு நாள் கூடாது."

எலேனி சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவித்த பருப்பும் பாணுமாக வந்தாள். சிவகௌரி இரண்டு வாய் சாப்பிட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை ஊரில் நடந்த அன்று, இங்கே அவள் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. குளித்துவிட்டு யன்னலடியில் இருந்தாள்.

அந்தக் கோடையிலும் எலேனி ஊருக்கு வெளிக்கிட்டாள். கார் நிறையச் சாமான். படியில் சிவகௌரியைக் கண்டதும் 'நீயும்' என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். வீட்டுத் திறப்பை அவள் கையில் வைத்து, பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொன்னாள். சிவகௌரி சரியென்றாள்.

வா என்று எலேனி பிறகு எந்தக் கோடையிலும் அவளைக் கூப்பிடவில்லை.