கருவாட்டு வாசமடித்த நாவல்

போன மாதம் கொழும்பிலிருந்து வந்த என் மகள், சிலேட்டு அளவில் ஒரு சாமானை என் மடியில் வைத்தாள். புத்தகம் வாசிக்கிற கருவியாம்.

"ஆயிரம் புத்தகம் இதுக்குள்ள இருக்கு அம்மா. எழுத்தையும் பெருசாக்கிக்கலாம். இனிமே கண்ணாடியத் தேடிக்கிட்டு இருக்க வேணாம்" என்றாள்.

நான் செய்த முதல் வேலை, அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். என்ன செய்ய, புத்தகம் என்று சொல்லி எதைக் கையில் கொடுத்தாலும் என் மூக்கு தானாக அந்தப் பக்கம் போய்விடும். இதில் ஒரு வாசமும் இல்லை. கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"ஒங்களுக்கு என்ன புத்தகம் வேணும்? பேரச் சொல்லுங்க, இப்பவே எடுத்துத் தாறேன்."

எனக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகம், என்னிடம் முன்பக்கங்கள் இல்லாமல் இருப்பது. அதன் பேர் எனக்குத் தெரியாது. எழுதியவர் பேரும் தெரியாது. முதல் பதினாறு பக்கங்களில் என்ன இருந்தது என்றும் தெரியாது. கருவாட்டு வாசம் அடிக்கும், அவ்வளவுதான் தெரியும். அதைச் சொன்னால் அந்தக் கருவி தேடித் தருமா? கேட்டேன். மகள் தேத்தண்ணீர் போடப் போய்விட்டாள்.

உங்களுக்காவது சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஓ.எல். பரீட்சை எழுதி, கணிதத்தில் கோட்டைவிட்டு, லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். தொட்டில் ஆட்டுவது, துணி அலசுவது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளையின் மூக்கைத் துடைப்பது. கணிதம் தேவைப்படாத வேலை என்று அம்மா சொல்லிக் காட்டுவார்.

ஒரு சனிக்கிழமை டவுனில் நெத்தலிக் கருவாடு வாங்கிக்கொண்டு நடந்துவரும்போது, சுற்றியிருந்த தாளை வாசித்தேன். மரகதம் என்ற ஒரு பெண், தன்னை அடிக்கிற புருஷனின் வீட்டை விட்டுத் துணிமூட்டையோடு படியிறங்குகிறாள். அதோடு தாள் முடிந்துவிட்டது. பாதி வழியிலிருந்து திரும்பி ஓடினேன். கடைக்கார நானா மிச்சப் புத்தகத்தைக் கிழித்து அடுத்த ஆளுக்குச் சுற்றப் போகிற நேரம்.

"நானா, அதக் கிழிக்காதீங்க. எனக்குக் குடுங்க."

"அப்ப நான் கருவாட்ட எதுல சுத்த?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும். "ஒங்கட பழைய கொப்பி இருந்தாக் கொண்டாங்க மகள். நிறைக்கு நிறை தாறேன்" என்றார்.

என் படிப்புக் காலத்துக் கொப்பிகள் அத்தனையும் ஒரு தராசுத் தட்டில் ஏறின. மறு தட்டில் மேலட்டையும் முதல் பதினாறு பக்கங்களும் இல்லாத ஒரு நாவல். அடுத்த வாரம் அம்மா செத்தல் மிளகாய் வாங்கிவந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என் கையெழுத்தும் சிவப்பு மையில் ஒரு சைபரும். "ஒன் கணக்கு இப்பவாச்சும் ஒதவுதே" என்றார் அம்மா. எனக்கு வருத்தமில்லை. இன்றைக்கும் அந்த வியாபாரத்தில் லாபம் எனக்குத்தான் என்பேன்.

பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க வருவார்கள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்குப் படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்காருவார்கள். முதல் இரண்டு நாள் நான் மூலையில் உட்கார்ந்து எனக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பார்வதி அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"என்னா புள்ள, வாய்க்குள்ளயே முணுமுணுக்குற. எங்களுக்குக் காது இல்லையா? சத்தமா வாசி."

அப்படித்தான் தொடங்கியது. தினம் ஐந்தாறு பக்கம். மரகதம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சாப்பாட்டுக்கடை போட்டாள். ஊர் அவளைப் பேசியது. அவள் காதில் வாங்காமல் உலை வைத்தாள். பதினொரு தாய்மார் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு அவளுக்காக ஊரோடு சண்டை பிடித்தார்கள். "அவ சொல்றதுதான் சரி" என்பார் ஒருவர். "வீட்ட விட்டு வந்தது தப்புதானே" என்பார் இன்னொருவர். ராசாத்தி மட்டும் ஒன்றும் பேசமாட்டாள். தலைப்பிள்ளைக்காரி. என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு. வெயில் நாளிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள். ஏன் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். அடிக்கிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் இருக்காது.

பார்வதி அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் வாசித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி, மிச்சமிருக்கிற பக்கங்களைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்ப்பார். "இன்னும் இம்புட்டு இருக்கு. சீக்கிரம் முடிச்சுறாத" என்பார். கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்த விரல்கள். அந்தக் கறை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. என் மகளின் கருவி, நான் வாசித்தது இத்தனை சதவீதம் என்று அடியில் காட்டுகிறது. பார்வதி அக்காவுக்குச் சதவீதம் தெரியாது. ஒரு கதை இன்னும் எவ்வளவு கனம் மிச்சம் என்பது மட்டும் விரலுக்குத் தெரியும். எந்த அறிவு பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒருநாள் மரகதத்தின் கடைவாசலில் புருஷன் வந்து நின்று கதவைத் தட்டினான். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பப் போகும்போது எங்கள் வாசலிலும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மலையைப் பார்த்துக்கொள்கிற கண்டாக்கு ஐயா. பிள்ளைகள் எல்லாம் மடியிலேயே தூங்கிவிட்டிருந்தன. தாய்மார் ஒருவரும் மலைக்குத் திரும்ப எழுந்திருக்கவில்லை.

"இது பிள்ளைக்காம்பராவா, படக்கொட்டகையா?" என்றவர் நேராக வந்து என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினார். "கொழுந்து முத்திக்கிட்டுக் கெடக்கு. இங்க கதை கேக்குறீங்க. இன்னிக்கு எல்லாத்துக்கும் அரைப்பேருதான், பாதிச் சம்பளந்தான்." பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு ஒனக்கு வேலை இருக்குமான்னு தொரைகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்."

அன்றைக்கு வீட்டில் நான் சொல்லவில்லை. வேலை போனால் அம்மா என்னையும் மலைக்கு அனுப்பிவிடுவார் என்று பயம். அதைவிட, மரகதத்தின் புருஷன் தட்டிய கதவு என்ன ஆனது என்ற ஆற்றாமை.

மறுநாள் பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். பால் கொடுத்தார்கள். பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டார்கள். மறுபடி வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

"நேரமாச்சு அக்கா, போங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"நீ சும்மா இரு புள்ள. புத்தகம் வரட்டும், போறோம்" என்றார் பார்வதி அக்கா.

கங்காணி வந்து கெஞ்சினார். கண்டாக்கு ஐயா வந்து கத்தினார். கொழுந்து நிறைய விழுகிற காலம். பதினொரு கூடைகள் வாசலில் வெறுமனே கிடந்தன. கடைசியில் தோட்டத்து உதவி மேலாளரான சின்னதொரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. புதிதாக வந்த சிங்கள இளைஞர். தமிழ் பேசப் பழகிக்கொண்டிருந்தார்.

"என்ன பிரச்சினை? ஏன் மலைக்கி போறது இல்ல?"

பார்வதி அக்கா எழுந்து நின்றார். "ஒண்ணும் பெரிசா இல்லைங்க தொரை. மரகதம் கதவத் தொறந்தாளா இல்லையான்னு எங்களுக்குத் தெரியணும்."

அவர் யோசித்தார். "மரகதம் எந்த லயம்?"

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. "லயத்துல இல்லைங்க. புத்தகத்துல. அதக் கண்டாக்கு ஐயா எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. நாங்கதான் வாசிக்கச் சொன்னோம். வேலைய விட்டு எடுக்கிறதுன்னா எங்களையும் சேர்த்து எடுங்க."

தொரை கண்டாக்கு ஐயாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மீசைக்குள் சிரித்தார். ஆபீசிலிருந்து புத்தகம் வந்தது. அதை என் கையில் கொடுத்து, தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "பதினஞ்சு நிமிசம். அதுக்கு மேல கதை இல்ல." எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். வாசித்ததற்காக எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ்.

மரகதம் கதவைத் திறந்தாள். புருஷனை உட்கார வைத்து இலை போட்டுச் சோறு பரிமாறினாள். அவன் சாப்பிட்டு எழுந்ததும், மற்றவர்களிடம் வாங்குவதைப் போலவே காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளுக்கு இலை போடப் போனாள். அவ்வளவுதான். அப்போதுதான் ராசாத்தியின் குரலை முதல் தடவையாகக் கேட்டோம்.

"நல்லாச் செஞ்சா."

எல்லோரும் போன பிறகும் அவள் நின்றாள். "அந்தத் தாள எனக்குத் தாறியா?" என்று கேட்டாள்.

"ஒனக்கு வாசிக்கத் தெரியாதே" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"தெரியாது. வச்சுக்கிறேன்."

கொப்பி கொடுத்து வாங்கிய புத்தகம். ஒரு மூலையைக்கூட மடிக்காமல் வைத்திருந்தேன். கிழித்துக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த மாதம் முடிவதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வலப்பனையிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். புருஷன் இரண்டு தடவை போய்ப் பார்த்தான். வரவில்லை.

ஒரு தாளால்தான் போனாள் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பேதையில்லை நான். ஆனால் போகும்போது அவள் கையில் ஒரு தாள் இருந்தது. இந்தக் கருவியிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து ஒருத்தியின் கையில் கொடுக்க முடியுமானால் சொல்லுங்கள், நாளைக்கே பழகிக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள், நுவரெலியா ஆஸ்பத்திரி வரிசையில் பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. ராசாத்தி. அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையில் அவள் மகள். நான் தொட்டில் ஆட்டிய பிள்ளை. பேசிக்கொண்டிருக்கும்போதே ராசாத்தி கைப்பையைத் திறந்தாள். அந்தத் தாளை லெமினேட் பண்ணி வைத்திருந்தாள்.

"மடிப்பு விட்டுப் போச்சு, அதான் கடையில குடுத்து ஒட்டினேன். இவதான் வாசிச்சுக் காட்டுவா. எத்தன தடவ வாசிச்சாலும் அவன் காசு குடுத்துட்டுத்தான் போறான்" என்று சொல்லிச் சிரித்தாள். பிளாஸ்டிக்குக்கு உள்ளே பார்வதி அக்காவின் விரல் கறை அப்படியே இருந்தது.

மகளின் கருவியை அலுமாரியில் வைத்துவிட்டேன். அவளுக்குக் கோபம். படிக்காத கிழவி மாதிரி பிடிவாதம் பிடிக்கிறேனாம். பிடிக்கிறேன்தான்.

எங்கள் தோட்டத்தில் இப்போது பிள்ளைக்காம்பரா இல்லை. கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பார்வதி அக்கா இறந்துவிட்டார். அவருடைய மருமகள்மார் கொழும்பில் தையல் பக்டரியிலும் பங்களா வேலையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் புட்டியில் மாப்பால் குடித்து வளர்கிறார்கள். போன தை மாதத்தில் அந்த வழியாக நடந்தேன். பார்வதி அக்காவும் மற்றவர்களும் பறித்த மலையைத் தோட்டம் கைவிட்டுப் பல வருடமாகிறது. இடுப்பளவு நின்ற தேயிலை ஆளுயரத்துக்கு மேல் மரமாகி, மலை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாரம் தவறாமல் பறிக்கிற கை பட்டுக்கொண்டிருந்த நாளில் அந்தத் தேயிலை பூத்து நான் பார்த்ததே இல்லை.